ஜவ்வாதுப் புகை

மே 11, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள். பாளையங்கோட்டை வெயில். மாடி அறையில் எனக்கென்று ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் சாட்சியம் பற்றியது. பேராசிரியர் ஜூன் பத்துக்குள் கேட்டிருக்கிறார். இன்று ஒரு பத்தி எழுதினேன். அடித்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா மகன் செழியனுக்கு முதல் பிறந்தநாள். ஹாலிலேயே கொண்டாட்டம். அக்கா சங்கரி காலையிலிருந்து போனில் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஞ்சு மேகம், பலூன் மேகம், காகித மேகம். எதுவும் பிடிக்கவில்லை.

மே 12, திங்கள்

காலை பிரமசக்தியக்கா வந்தார். இந்தத் தெருவில் ஐந்து வீட்டுக் குழந்தைகளை அவர்தான் குளிப்பாட்டுகிறார். குளியலறையில் பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கிறார். செழியன் அழுவதில்லை. என் கையில் மட்டும் அழுகிறான்.

குளித்த பின் தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணியைத் தூவி, தலையைக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. கரியும் பிசினும் எரிகிற புகை ஒரு வயதுக் குழந்தையின் நுரையீரலை என்ன செய்யும் என்று சொன்னேன். அக்காவின் மாமியார், எனக்கும் அத்தைதான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவும்.

"எம் மூணு பிள்ளையளுக்கும் போட்டேன். நல்லாத்தான் இருக்காவ" என்றார் பிரமசக்தியக்கா.

"அது ஆதாரம் இல்லைக்கா."

நன்றாகச் சொன்னேன் என்று அப்போது தோன்றியது.

அவர் கங்கில் தண்ணீர் தெளித்தார். சுர்ரென்றது.

மே 13, செவ்வாய்

மேகத்துக்கு வழி நான்தான் சொன்னேன். கல்யாண மேடைகளில் வைக்கிற புகை மெஷின். வாடகைக்குக் கிடைக்கும். குழந்தையை வெள்ளை நாற்காலியில் உட்கார வைத்து, தரையெல்லாம் மேகம் பரவ, கேக் வெட்டலாம்.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். "ஏட்டி கோமு, ஒனக்கு எப்பிடிட்டி இதெல்லாம் தோணுது."

அத்தை மட்டும், "புகைங்கியே, பிள்ளைக்கு ஆவுமா" என்றார்.

"அது புகை இல்ல அத்தை. வெறும் ஆவி."

மே 14, புதன்

அத்தியாயம் நகரவில்லை. சுவரில் ஒட்டக் காகித மேகம் வெட்டினேன். நாற்பது மேகம்.

மே 16, வெள்ளி

மார்க்கெட் பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை. உரிமையாளர் பெயர் தாவீது. ஐம்பது வயதிருக்கும். ஒரு காதில் பேனா. மெஷினை மேசையில் வைத்து, ரொம்ப நேரம் சொன்னார்.

"வீட்டுக்குள்ளயா? சின்ன பிள்ளை இருக்கா? அப்பம் கேட்டுக்கோங்க. ஜன்னல் திறந்திருக்கணும். தரையில வைங்க, பிள்ளைக்கு நேர வைக்காதீங்க, எட்டடி தள்ளி. ஒருக்கா அமுக்கிட்டு விட்டுருங்க, கலைஞ்ச பொறவு அடுத்தது. மொத்தம் மூணு நாலு தடவ போதும். மூச்சு வாங்குறவங்க யாரும் வந்தா முன்னாலயே சொல்லிருங்க. புகை வார இந்த மூக்கு இருக்குல்லா, அணைச்ச பொறவும் கொதிக்கும், தொடப்பிடாது."

எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது. அண்ணாச்சி, நான் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்போல. சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

"முக்கியமானது இன்னொண்ணு. இந்தக் கேன்ல உள்ளத மட்டும்தான் ஊத்தணும். வேற எதையும் ஊத்திராதீங்க."

சரி என்றேன்.

மே 17, சனி

ஹாலில் வைத்துப் பார்த்தோம். ஐந்து நிமிடம் சூடாகி, பச்சை விளக்கு எரிந்து, அமுக்கியதும் ஒரு சீறல். வெள்ளையாக வந்தது. அழகுதான்.

அக்கா மூக்கைச் சுளித்தாள். "சீனி கருகுன மாதிரி வாடை அடிக்கி. வாரவங்க என்ன நினைப்பாவ. வாசனையா எதுவும் போட முடியாதா?"

"போடலாம்."

விசேஷத்துக்கு வாங்கிய பன்னீர் பாட்டில் இருந்தது. வாசலில் வருகிறவர்கள்மேல் தெளிக்க. பக்கத்தில் ஒரு சின்னப் புட்டி ஜவ்வாது.

மறுபடி அமுக்கிப் பார்த்தோம். அக்காவுக்குப் பிடித்திருந்தது. "கோயில் மாதிரி இருக்குட்டி" என்றாள்.

மே 18, ஞாயிறு

விழா நன்றாக நடந்தது. அறுபது பேர் வந்தார்கள். வெயிலுக்கு ஏசி போட்டிருந்ததால் ஜன்னல்களைத் திறக்க முடியவில்லை. புகைப்படக்காரர், மேகம் கலையுது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுகொண்டே இருந்தார். எத்தனை முறை அமுக்கினேன் என்று எண்ணவில்லை.

செழியன் மேகத்துக்குள் உட்கார்ந்து கையால் அளைந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் பக்கத்து மாமா ஒருவர் இருமினார். அவரிடமும் சொன்னேன், ஆவிதான் மாமா என்று.

காலையில் நடந்த ஒன்று. பல் தேய்க்கப் போனபோது குளியலறை வாசலில் தூபக்கால் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. காய்ந்திருந்தது. ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 19, திங்கள்

நேற்று விருந்தினர் போவதற்குள் இருமல் தொடங்கியிருந்தது. அதை எழுதவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் செழியனின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. மூச்சோடு ஒரு விசில். அத்தான் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் கவசம் வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். அவன் திமிறினான். அக்கா அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா கேட்டார். "வீட்ல புகை ஏதும் உண்டா? கொசுவத்தி, ஊதுபத்தி?"

அத்தை உடனே சொன்னார். "குளிப்பாட்ட ஒருத்தி வாரா. சாம்பிராணி போடுவா. நேத்து விசேஷ நாளு, கூடவே அள்ளிப் போட்டிருப்பா. வீடு பூரா வாசனை. இன்னும் பிள்ளை தலையில அடிக்கி பாருங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். "இவ அன்னைக்கே சொன்னா டாக்டர். பிள்ளைக்கு ஆவாதுன்னு. நாங்கதான் கேக்கல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

தலையாட்டினேன்.

மே 20, செவ்வாய்

இன்னும் ஆஸ்பத்திரி. அக்காவும் அத்தானும் அங்கே. நான் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன்.

காலை வழக்கம்போலப் பிரமசக்தியக்கா வந்தார். நேற்று வீடு பூட்டியிருந்ததால் அவருக்குத் தெரியாது. வாசலிலேயே அத்தை நிறுத்தினார். நான் அடுக்களையில் நின்றேன். கேட்டது.

"பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? நீ போட்ட புகைதான் ஆச்சு."

"நான் போடலம்மா. அந்தச் சின்னவுக சொன்ன நாள்ள இருந்து போடவே இல்ல."

"வீடெல்லாம் மணந்துச்சே, அது எங்க இருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா?"

பிறகு செருப்புச் சத்தம்.

கஞ்சி அடி பிடித்துவிட்டது.

மே 21, புதன்

எழுத எதுவும் இல்லை.

மே 22, வியாழன்

செழியனை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. ஏசி ஹாலில்தான் இருக்கிறது, அதனால் தொட்டிலை அங்கே கட்டியிருக்கிறார்கள். படுக்க வைத்த அரை மணியில் இருமல். மாடிக்குத் தூக்கிவந்தால் குறைகிறது. யாரும் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நம்ம கோமு படிச்ச பிள்ளை, முதல் நாளே கண்டுபிடிச்சிட்டா. பால் வாங்கப் போனபோது எதிர் வீட்டம்மா என்னை நிறுத்தி நன்றி சொன்னார். அவர் வீட்டிலும் பிரமசக்தியக்காவை நிறுத்திவிட்டார்களாம். மற்ற மூன்று வீட்டிலும்.

"நல்ல வேளை நீங்க சொன்னீங்க" என்றார்.

பாலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு திருத்தம். பதினொரு முறை அமுக்கினேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மே 23, வெள்ளி

தாவீது போன் செய்தார். அத்தான் திங்களன்றே மெஷினைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான் பால்கனிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"யம்மா, மூக்கு அடைச்சிருக்கு. கழத்திப் பாத்தா கறுப்பா ஒட்டியிருக்கு. சந்தனம் மாதிரி மணக்கு. என்ன ஊத்துனீங்க?"

சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கேட்டது வேறு.

"பிள்ளை நல்லாருக்கா?"

"நல்லாருக்கான்."

"மெஷின் கெடக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன். வாசனைச் சாமான் சூட்டுல கருகி வரும் பாத்துக்கிடுங்க. அது மேகம் இல்ல. நான் சொன்னதக் கேட்ட மாதிரி சரின்னு தலையாட்டுனீங்களே, அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

போன் வைத்த பின்னும் பால்கனியில் நின்றேன். உள்ளே செழியன் இருமினான்.

மே 24, சனி

அத்தானுக்கு வீடியோ பிடிக்கவில்லை. கேக் வெட்டுகிற இடத்தில் பிள்ளை முகமே தெரியவில்லையாம். பிள்ளைதான் வீட்டுக்கு வந்துவிட்டானே, அதே அலங்காரத்தில் இன்னொரு முறை எடுத்துவிடலாம், நாளை ஞாயிறுதானே, அந்த மெஷினுக்குச் சொல்லு கோமு என்றார்.

"பிள்ளைக்கு இருமல் இருக்கே அத்தான்."

"அது புகை இல்ல, ஆவிதான்னு நீதான சொன்ன."

மெஷின் வேறு விசேஷத்துக்குப் போயிருக்கிறது என்றேன். பொய். ஒரு பொய்யைக் காக்க இன்னொன்று என்றுகூடச் சொல்ல முடியாது. இதுவரை நான் பொய்யே சொல்லவில்லை. தலையாட்டினேன், அவ்வளவுதான். அதுதான் கேவலம்.

அடுத்த வாரம் கேட்பார். அதற்கடுத்த வாரமும்.

மே 25, ஞாயிறு

மத்தியானம் சொதிச் சாப்பாடு. இஞ்சித் துவையல் நான் அரைத்தேன். எல்லாரும் உட்கார்ந்த பின் சொன்னேன். மெஷின்தான் காரணம். ஜன்னல் மூடியிருந்தது. பன்னீரும் ஜவ்வாதும் ஊற்றினேன். வீடு மணந்தது அதனால். பிரமசக்தியக்கா அன்று சாம்பிராணி போடவே இல்லை.

அத்தான் சிரித்தார். "விடு கோமு. பாவம்னு அவளுக்காகப் பேசுத."

"இல்ல அத்தான்."

"வெறும் பன்னீர் பிள்ளைய என்ன செய்யும்? கல்யாணத்துல மேல தெளிக்காவளே."

அத்தை என் தட்டில் சோறு வைத்தார். "ஒனக்கு இளகின மனசுட்டி. அவளுக்கு வேணும்னா வேற வீடு கிடைக்கும். இன்னும் ரெண்டு கரண்டி சொதி ஊத்திக்கோ."

நான் சொன்னேன். "வேற எதையும் ஊத்தக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரு. தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

அக்காவின் கை தட்டில் நின்றது. அவளுக்கு இது தெரியாது. வாசனை கேட்டது அவள். முடியும் என்று சொன்னது நான்.

அவள் எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வரவில்லை.

அத்தை ஊற்றிய சொதியை முழுவதும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 26, திங்கள்

மறு பரிசோதனை. காரில் செழியனை வாங்கக் கை நீட்டினேன். அக்கா அவனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா முன்னால் மறுபடி சொன்னேன். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என்ன திரவம், என்ன கலந்தேன், எத்தனை தடவை, எத்தனை ஜன்னல், நாற்காலிக்கும் மெஷினுக்கும் எவ்வளவு தூரம். மூன்றடி. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு வச்சது?"

"நான்."

"அன்னைக்கு நான் கேக்கும்போது இங்கதான நின்னீங்க?"

"ஆமா."

அவர் பேனாவை எடுத்துக் கோப்பில் எதையோ அடித்தார். எதையோ எழுதினார்.

"முன்னாலயே சொல்லியிருந்தா மருந்து மாறியிருக்குமா டாக்டர்?"

"மருந்து இதேதான். ஆனா அந்த ஹாலத் துடைச்சீங்களா? திரைச்சீலை, மெத்தை விரிப்பு, ஏசி வடிகட்டி? எல்லாத்துலயும் அது படிஞ்சிருக்கும். பிள்ளைய எங்க படுக்க வைக்கீங்க?"

அக்கா சொன்னாள். "ஹால்ல."

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார். நான்கு நாள். தொட்டில் ஹாலில் இருந்தது நான்கு நாள்.

மே 27, செவ்வாய்

திரைச்சீலைகள், ஒன்பது. சோபா உறை, ஏழு. ஏசியைக் கழற்றத் தனியாக ஆள். தரையை இரண்டு தடவை வெந்நீரில் துடைத்தேன். கையில் பிசுபிசுப்பு. முதல் வாளித் தண்ணீரில் கோயில் வாசனை.

அக்கா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதவவில்லை. தடுக்கவுமில்லை. கடைசியில் கேட்டாள்.

"கடைக்காரரு சொன்னத ஏன் என்கிட்ட சொல்லல?"

"எனக்கே தெரியும்னு நினைச்சேன்."

"என்ன தெரியும்?"

"எல்லாம்."

அவள் செழியனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மே 28, புதன்

சமாதானபுரத்தில் பிரமசக்தியக்கா வீடு. இரண்டு பேரிடம் வழி கேட்டேன். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியை உதறிக்கொண்டே கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"பிள்ளைக்கு இருமல் நின்னுட்டா?"

"குறைஞ்சிருக்கு."

"அது போதும்." ஒரு சட்டையை இரண்டாக மடித்துக் கொடியில் போட்டார். "தூபக்கால கழுவிக் கவுத்தி வச்சேன். நீங்க பாத்தீங்க. நீங்க பாத்தத நானும் பாத்தேன். செவ்வாக்கெழம அந்தம்மா என்ன வாசல்ல நிறுத்திக் கேட்டப்பம் நீங்க அடுக்களையிலதான் நின்னீங்க. சேலை தெரிஞ்சுது."

"ஆமாக்கா."

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன தாயி? நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுகளுக்குச் சொல்லுங்க. அந்தத் தெருவுல இன்னும் நாலு வீடு இருக்கு."

"சொல்லுதேன்."

"ஒங்க அத்தை வந்து சொல்லப்பிடாது. நீங்க சொல்லணும். ஒங்க பேச்சுக்குத்தான அங்க மரியாதை." சிரித்தாரா என்று தெரியவில்லை. துணி மறைத்தது.

மே 29, வியாழன்

எதிர் வீடு. அந்தம்மா உள்ளே கூப்பிட்டு மின்விசிறி போட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னைப் பற்றிய எண்ணம்தான் மாறியது. பிறகு, "அப்பம் அவள வரச் சொல்லலாமா?" என்றார். சொல்லலாம் என்றேன்.

இரண்டாவது வீட்டில் ஆண்கள் மட்டும். அரைகுறையாகக் கேட்டார்கள். மறுபடி போக வேண்டும். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

அத்தையிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வீட்டு விசயத்தத் தெருவுல போட்டு ஒடைக்க" என்றார். முதலில் தெருவில் போட்டது யார் என்று கேட்கவில்லை. என்னால்தான் போட்டார்.

மே 30, வெள்ளி

இரண்டாவது வீட்டு அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். சொன்னேன். மூன்றாவது வீடு. சொன்னேன். இரண்டு இடத்திலும் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒவ்வொரு முறையும் "தெரிஞ்சுதான் ஊத்தினேன்" என்ற இடத்தில் தரையைப் பார்க்கிறேன்.

காலையில் அக்கா போன் செய்தாள், பிரமசக்தியக்காவுக்கு. திங்கள் முதல் வருகிறாராம். நான் ஞாயிறு இரவு ரயிலில் கிளம்புகிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 31, சனி

நான்காவது வீடு. மாடியில் ஜெனிபர். என் வயதுதான். குழந்தைக்குப் பத்து மாதம். மடியில் உட்கார்ந்து என் வளையலைப் பிடித்து இழுத்தது.

நான் வாய் திறப்பதற்குள் அவள் போனைக் காட்டினாள். செழியன் மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற வீடியோ. தெருவில் எல்லாரிடமும் இருக்கிறது போல.

"சூப்பரா இருந்துச்சு. எங்க பாப்பாவுக்கு ஜூலைல பர்த்டே. அதே கடையில சொல்லி வச்சாச்சு. ஒங்ககிட்டயே கேக்கணும்னு நினைச்சேன், எப்படி வைக்கணும்னு."

ஒரு நிமிடம் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றியது. இங்கே எழுதிவிடுகிறேன், தோன்றியது.

"பாப்பா இருக்கிற ரூம்ல வேண்டாம்" என்றேன். "வெளியில, மொட்டை மாடியில வைங்க. இல்ல வேண்டாம்னே விட்டுருங்க. வச்சே தீரணும்னா எல்லா ஜன்னலையும் திறக்கணும். ஏசி போடக் கூடாது. பெரியவங்களுக்கு மட்டும், பாப்பாவ அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போன பிறகு. எட்டடி தள்ளி. ரெண்டு தடவைக்கு மேல அமுக்க வேண்டாம். அவரு தர்ற கேன்ல உள்ளத மட்டும் ஊத்துங்க. வேற எதையும் ஊத்தாதீங்க."

அவள் போனில் குறித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் நிமிர்ந்தாள்.

"ஏன், ஊத்துனா என்ன ஆகும்?"

குழந்தை என் வளையலை வாயில் வைத்திருந்தது. மெதுவாக விடுவித்தேன்.

"நான் ஊத்தினேன்" என்றேன்.